ஆழ்கடல் தூண்டிலுக்குச் சொந்தப் படகு தேவையா?

கடலில் மீன் பிடிப்பது ஒருவருக்குப் பிழைப்பு, இன்னொருவருக்குப் பொழுதுபோக்கு. பிழைப்புக்குப் போகிறவர் வெறும் கையோடு திரும்பினால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். பொழுதுபோக்குக்குப் போகிறவரோ ஒரு மீன்கூடக் கிடைக்காவிட்டாலும் "கடல் இன்னிக்கு அருமையா இருந்தது" என்று சொல்லிக்கொண்டே இறங்குவார். இந்தக் கட்டுரை இரண்டாமவரைப் பற்றியது. அதிலும் புளோரிடா, கியூபா, பஹாமாஸ் போன்ற வெப்பக் கடல்களில் மார்லின், சூரை, மயில் மீன் ஆகியவற்றைத் தூண்டிலில் பிடிப்பதற்காகவே சொந்தமாகப் படகு வாங்குகிறவரைப் பற்றியது.

"காசு இருக்கு, வாங்குறான். உனக்கென்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதில் காசு மட்டுமா இருக்கிறது? படகில் ஏறுகிறவர்களின் உயிர் இருக்கிறது. தூண்டிலின் மறுமுனையில் இன்னோர் உயிரும் இருக்கிறது. கரை கண்ணுக்கு மறைந்த பிறகு இந்த இரண்டையும் பற்றி முடிவெடுப்பது ஒரே ஆள், படகின் சொந்தக்காரர். அவரைக் கேள்வி கேட்க அங்கே யாரும் இல்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது!

பிலார் என்ற படகு

சொந்தப் படகு என்றதும் முதலில் சொல்ல வேண்டிய பெயர் எர்னஸ்ட் ஹெமிங்வே. 'கடலும் கிழவனும்' எழுதியவர், 1954-ல் நோபல் பரிசு பெற்றவர். அந்தக் கதை வந்தது 1952-ல். அதற்கு 18 வருடங்களுக்கு முன்பே, 1934-ல், நியூயார்க் புரூக்ளினில் இருந்த வீலர் படகுத் தளத்தில் 38 அடி நீளத்தில் ஒரு மரப் படகு வாங்கினார். விலை 7,495 டாலர். அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த காலம் அது. அவரிடமும் முழுப் பணம் இல்லை. இனி எழுதப்போகும் கட்டுரைகளுக்காக ஒரு பத்திரிகையிடம் முன்பணம் வாங்கித்தான் படகுக்குக் கட்டினார். படகுக்கு 'பிலார்' என்று பெயர் வைத்தார்.

இரண்டு எஞ்சின்கள். பெரியது தூரம் போக. சின்னது, தூண்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்து போக. பெரிய மீனை உள்ளே ஏற்ற வசதியாகப் படகின் பின்பகுதியின் உயரத்தைக் குறைத்து, அங்கே ஓர் உருளையும் வைத்தார். புளோரிடாவின் கீ வெஸ்ட், பஹாமாஸின் பிமினித் தீவு, பிறகு கியூபா என்று 1960-ல் கியூபாவை விட்டுக் கிளம்பும்வரை இதே படகுதான். புது மாடல் வந்துவிட்டதென்று மாற்றவே இல்லை.

ஹவானா பக்கம் ஏன் போனார்? கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற வெந்நீரோட்டம் அங்கே கரையை ஒட்டியே ஓடுகிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். மார்லின் அந்த நீரோட்டத்தின் வழியாகப் போகிற மீன். மற்ற இடங்களில் பல மணி நேரம் ஓட்டிப் போய்ச் சேரும் நீலக் கடல், அங்கே துறைமுகத்தைத் தாண்டியதும் வந்துவிடும்.

இந்தப் படகால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1934-ல் பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்திலிருந்து இரண்டு பேர் ஹவானா வந்து ஹெமிங்வேயோடு கடலுக்குப் போனார்கள். அப்போது மார்லின் வகைகளைப் பற்றியே விஞ்ஞானிகளிடம் நிறையக் குழப்பம் இருந்தது. வந்தவர்களில் ஒருவரான ஹென்றி ஃபௌலர், மறுவருடம் ஒரு மீன் இனத்துக்கு 'நியோமெரிந்தே ஹெமிங்வேயி' என்றே பெயர் சூட்டினார். ஒரு தனி மனிதரின் பொழுதுபோக்குப் படகு அறிவியலுக்கும் உதவியது.

மறுபக்கமும் உண்டு. 1935-ல் பிமினிக்குப் போகும் வழியில் சுறா ஒன்றைத் துப்பாக்கியால் சுடப்போய், குண்டு படகின் பித்தளை விளிம்பில் பட்டுத் திரும்பி, அவருடைய இரண்டு கால்களிலும் பாய்ந்தது. வாடகைப் படகாக இருந்தால், "சார், துப்பாக்கியை உள்ளே வையுங்க" என்று சொல்ல ஒரு கேப்டன் இருந்திருப்பார். சொந்தப் படகில் யார் சொல்வது?

முதலில் காசுக் கணக்கு

அமெரிக்கப் படகுக்காரர்களிடம் ஒரு பழைய ஜோக் உண்டு. 'போட்' என்ற ஆங்கிலச் சொல்லில் உள்ள நான்கு எழுத்துகளுக்கும் விரிவாக்கம் 'பிரேக் அவுட் அனதர் தவுசண்ட்', அதாவது 'இன்னோர் ஆயிரத்தை எடுத்து வை'! படகுக்காரருக்கு வாழ்க்கையில் இரண்டு நாள்தான் சந்தோஷம், வாங்கிய நாளும் விற்ற நாளும் என்றும் சொல்வார்கள்.

சிரிப்புக்குச் சொன்னாலும் கணக்கு அப்படித்தான் வருகிறது. படகின் விலையில் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களின் பொதுவான கணக்கு. ஒரு பேச்சுக்குப் படகின் விலை 4 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 40,000 டாலர். வருடத்தில் 20 நாள் கடலுக்குப் போனால் ஒரு நாளைக்கு 2,000 டாலர். இதில் டீசல் சேரவில்லை. இரட்டை டீசல் எஞ்சின் உள்ள பெரிய மீன்பிடிப் படகு வேகமாக ஓடும்போது மணிக்கு நூறு, இருநூறு லிட்டர் குடிக்கும்.

வெப்பக் கடல் இந்தச் செலவை இன்னும் கூட்டுகிறது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பாசியும் சிப்பியும் படகின் அடியில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் வேகம் குறையும், டீசல் கூடுதலாகச் செலவாகும். மரப் படகாக இருந்தால் துளைக்கும் புழு வேறு. உலோகப் பாகங்களை உப்பு அரிக்காமல் இருக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி, அவை கரையக் கரைய மாற்ற வேண்டும். அட்லாண்டிக்கில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். அந்த ஆறு மாதமும் படகை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும். 2017 செப்டம்பரில் இர்மா புயல் புளோரிடா கீஸ் தீவுகளைத் தாக்கியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் கரையில் தூக்கி வீசப்பட்டன, மூழ்கின, சிதைந்தன.

இதோடு ஒப்பிட்டால், கீ வெஸ்ட்டின் கேரிசன் பைட் துறையில் வரிசையாக நிற்கும் வாடகைப் படகுகளில் ஒன்றை ஒரு நாளைக்கு எடுப்பது எவ்வளவோ மேல். அந்தக் கடலில் பல வருடம் ஓடிய கேப்டன், தூண்டில், இரை எல்லாம் அதில் அடக்கம். கொடுக்கும் காசும் அந்த ஊர்க்காரர்களின் குடும்பத்துக்குப் போகும். ஆகவே காசைப் பொறுத்தவரை சந்தேகமே இல்லை. வருடத்துக்குப் பத்து இருபது நாள் போகிறவர் சொந்தமாகப் படகு வாங்குவது பால் குடிக்க மாட்டுப் பண்ணை வைப்பது மாதிரி.

உயிர்க் கணக்கு

ஒருவருக்குக் காசு பொருட்டே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி இதைவிடப் பெரியது.

அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு ஆட்களைக் கடலுக்கு அழைத்துப் போகிறவர் கடலோரக் காவல் படையிடம் கேப்டன் உரிமம் வாங்க வேண்டும். அதில் கீழ்நிலை உரிமத்துக்கே 360 நாள் படகில் பணி செய்த அனுபவத்தைக் காட்ட வேண்டும். தேர்வு, மருத்துவச் சான்று, முதலுதவிப் பயிற்சி, போதைப்பொருள் பரிசோதனை எல்லாம் உண்டு. சொந்தப் படகில் சொந்தக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதே கடலுக்குப் போகிறவருக்கு இந்த உரிமம் தேவையில்லை. புளோரிடாவில் 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவராக இருந்தால், சில மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய ஒரு பாதுகாப்புப் பாடம் போதும். அதற்கு முன் பிறந்தவருக்கு அதுவும் வேண்டாம்!

அதாவது, முன்பின் தெரியாதவரை ஏற்றினால் 360 நாள் அனுபவம் வேண்டும். பெற்ற பிள்ளையை ஏற்றினால் ஒன்றும் வேண்டாம். கடலுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்ன?

2009 பிப்ரவரியில் நடந்தது இது. புளோரிடாவின் மேற்குக் கரையிலிருந்து மெக்சிகோ வளைகுடாவுக்குள் நான்கு நண்பர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். அவர்களில் ஒருவருடைய சொந்தப் படகு, 21 அடி நீளம். நால்வரும் கட்டுமஸ்தான ஆட்கள். இருவர் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள். கிளம்பும் நேரத்தில் நங்கூரம் அடியில் சிக்கிக்கொண்டது. கயிற்றைப் படகின் பின்பகுதியில் கட்டி எஞ்சினை முடுக்கி இழுத்துப் பார்த்தார்கள். நங்கூரம் வரவில்லை. படகின் பின்பகுதிதான் தண்ணீருக்குள் இழுக்கப்பட்டது. உள்ளே தண்ணீர் ஏறிப் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கிடந்த ஒருவரை மட்டும் இரண்டு நாள் கழித்து மீட்டார்கள். மற்ற மூவரும் போய்விட்டார்கள்.

அவர்களிடம் பலத்துக்குக் குறைவில்லை. பின்பகுதியில் கட்டி இழுக்கக் கூடாது, கயிற்றை வெட்டிவிட்டு வா என்று சொல்ல அனுபவமுள்ள ஒரு குரல்தான் அங்கே இல்லை. ஒரு நங்கூரத்தின் விலை என்ன? மூன்று உயிரின் விலை என்ன?

எபிர்ப் என்று ஒரு கருவி உண்டு. சில வகைகள் படகு மூழ்கினால் தானே விடுபட்டு மிதந்து, செயற்கைக்கோள் வழியாக இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும். விலை சில நூறு டாலர். சொந்த உபயோகப் படகில் இது இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்லவில்லை. பல லட்சம் டாலருக்குப் படகு வாங்குகிறவர் இதை வாங்குவாரா மாட்டாரா என்பது முழுக்க அவர் மனசாட்சியைப் பொறுத்தது.

மீனின் கணக்கு

ஆழ்கடல் தூண்டிலின் பழைய படங்களைப் பாருங்கள். துறைமுகத்தில் தலைகீழாகத் தொங்கும் ராட்சத மீன், பக்கத்தில் தடியைப் பிடித்தபடி ஒரு மனிதர். 1953-ல் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசெல் பிடித்த கறுப்பு மார்லின் 1,560 பவுண்டு, அதாவது சுமார் 707 கிலோ! அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம். ராட்சத அளவுக்கு வளர்கிற நீல மார்லின்கள் எல்லாமே பெண் மீன்கள். ஆண் மீன் 160 கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். ஆக, 'பெரிய மீன்' வேண்டும் என்று தேடிப் போகிறவர், முட்டையிடும் தாய் மீனைத்தான் தேடிப் போகிறார். நீல மார்லினை அழியும் ஆபத்துள்ள இனங்களில் ஒன்றாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2011-ல் சேர்த்தது.

"நாங்களா அழித்தோம்? சூரை பிடிக்கும் பெரிய கப்பல்களின் நீளத் தூண்டிலில் சிக்கிச் சாவதுதானே அதிகம்?" என்று படகுக்காரர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அளவில் பெரிய குற்றவாளி அந்தக் கப்பல்கள்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அதிகமாகக் குப்பை கொட்டுகிறார் என்பதற்காக, தன் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்ட முடியுமா?

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில் முள் மீனின் வயிற்றுக்குள் போகாமல் பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். விடுவித்தால் மீன் பிழைக்கும். அட்லாண்டிக்கில் நடக்கும் அமெரிக்க மார்லின் போட்டிகளில் இயற்கை இரைக்கு இந்த முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது 2008 முதல் விதி. 1939-ல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், மீனைக் கொல்லாமல் நீளத்தை அளந்துவிட்டு விடுவதையும் 2011 முதல் சாதனையாக ஏற்கிறது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, மார்லினின் உடலில் செயற்கைக்கோள் பட்டை பொருத்தி விட்டு, அது எங்கெங்கே போகிறது என்று கண்டறியும் திட்டத்தையும் தொடங்கியது. பட்டைக்கான காசைக் கொடுப்பவர்களும் பொருத்தி விடுபவர்களும் பெரும்பாலும் தூண்டில்காரர்களே. 1934-ல் பிலாரில் நடந்ததன் தொடர்ச்சி என்று இதைச் சொல்லலாம்.

சொந்தப் படகுக்கு ஒரு வசதி இருப்பதும் இங்கேதான். வாடகைக்கு எடுத்தவர் கொடுத்த காசுக்கு மீன் கேட்பார், கேப்டனும் அவரைத் திருப்திப்படுத்தப் பார்ப்பார். சொந்தக்காரருக்கு அந்த நெருக்கடி இல்லை. மீனே கிடைக்காத நாளையும் பொறுத்துக்கொள்ளலாம், கிடைத்த மீனையும் விட்டுவிடலாம். காற்று மாறினால் பாதி வழியில் திரும்பலாம். அந்தச் சுதந்திரத்தை அதற்குப் பயன்படுத்துகிறாரா என்பதுதான் கேள்வி.

யார் வாங்கலாம்?

வருடத்தில் பாதி நாள் கடலில் இருக்க முடிகிறவர், எஞ்சினைத் தானே கழற்றி மாட்டத் தெரிந்தவர், முதல் இரண்டு வருடம் தேர்ந்த கேப்டன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்கத் தயாராக இருப்பவர் தாராளமாக வாங்கலாம். ஹெமிங்வேகூடத் தனியாக ஓட்டவில்லை. 1938 முதல் அவர் படகைப் பார்த்துக்கொண்டவர் கிரிகோரியோ ஃபுயெந்தெஸ் என்ற கடலோடி. இறக்கும்போது ஹெமிங்வே படகை விட்டுச் சென்றதும் அவருக்குத்தான். அவர் அதைக் கியூப அரசிடம் கொடுத்தார். பிலார் இன்று ஹவானாவுக்கு வெளியே, ஹெமிங்வே வாழ்ந்த வீட்டுத் தோட்டத்தில் நிற்கிறது.

மற்றவர்களுக்கு வாடகைப் படகே மரியாதை. வாங்கித்தான் தீருவேன் என்றால், சட்டம் கேட்காததைத் தானே செய்ய வேண்டும். எபிர்ப் வாங்குவதும், வட்ட முள் போடுவதும், தாய் மீனை விடுவதும், வானம் கறுத்தால் திரும்புவதும் யாரும் சொல்லி நடக்கப்போவதில்லை. கடலில் போலீஸ்காரர் நிற்கப்போவதில்லை. கேட்க ஆளில்லாத இடத்தில் தன்னையே கேட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு மட்டுமே சொந்தப் படகு பொருந்தும்.