நாக்கைப் பிடுங்கியவனை யார் கேட்பது?

"இங்கிலீஷ்ல எழுதுனா அது எப்படித் தோழர் மாவோரிக் கவிதையாகும்?" மாவோரிகள் ஆங்கிலத்தில் எழுதும் கவிதைகளைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. கேள்வி கேட்பதில் தப்பில்லை. ஆனால் யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. நாக்கைப் பிடுங்கியவனை விட்டுவிட்டு, நாக்கைப் பறிகொடுத்தவனிடம் 'ஏன் உன் மொழியில் பேசவில்லை' என்று விசாரணை வைப்பது என்ன நியாயம்?

1840இல் நியூசிலாந்தில் வாயிட்டாங்கி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரே ஒப்பந்தம், ரெண்டு மொழி, ரெண்டு அர்த்தம். ஆங்கிலப் பிரதியில் மாவோரித் தலைவர்கள் இறையாண்மையையே பிரிட்டிஷ் அரசிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான தலைவர்கள் கையெழுத்திட்ட மாவோரிப் பிரதியிலோ நிர்வாகம் பண்ணும் அதிகாரம் மட்டும்தான் கைமாறுகிறது. தலைமையும் நிலமும் அவர்களிடமே இருக்கின்றன. அப்புறம் 1867இல் பள்ளிச் சட்டம். ஊர்க்காரர்கள் நிலம் கொடுக்க வேண்டும், பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். தாய்மொழி பேசியதற்காகப் பள்ளியில் அடிவாங்கிய பிள்ளைகள் வளர்ந்து பெற்றோரானபோது, தம் பிள்ளைகளாவது அடிபடக் கூடாதென்று வீட்டிலும் அந்த மொழியை நிறுத்திக்கொண்டார்கள். ஆங்கிலம் அவங்க ஆசப்பட்டு வாங்கினதில்ல. அடிச்சுத் திணிச்சது.

அந்த ஆங்கிலத்தை எடுத்துத்தான் ஹோனே டுஃபாரே எழுதினார். ரயில்வே பட்டறையில் தொழில் பழகிய பாய்லர் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர், கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர். 1964இல் வந்த அவருடைய 'சாதாரணச் சூரியன் அல்ல' தொகுப்புதான் ஒரு மாவோரிக் கவிஞரின் முதல் ஆங்கிலக் கவிதை நூல். தலைப்புக் கவிதை அணுகுண்டுக்கு எதிராக ஒரு மரத்தைப் பார்த்துப் பேசுகிறது. மாவோரி மரபில் பெரிய தலைவர் இறந்தால், காட்டின் பெரிய தொத்தாரா மரம் சாய்ந்துவிட்டது என்று சொல்லி அழுவார்கள். அதை அறிந்தவர் காதில் இந்தக் கவிதை ஒப்பாரியாக விழும்; அறியாதவருக்கு வெறும் இயற்கைக் கவிதை. மொழி வெள்ளைக்காரனுடையது, அழுகை யாருடையது? 1975இல் 'இனி ஒரு ஏக்கர் மாவோரி நிலமும் போகக் கூடாது' என்று வடகோடியிலிருந்து வெலிங்டன் நாடாளுமன்றம் வரை நடந்த நிலப் பயணத்திலும் அவர் இருந்தார். அவர் கவிதையைப் பாராட்டி அரசியலைக் கழித்துவிடும் விமர்சகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த தலைமுறைக்கு அழவும் மொழி மிஞ்சவில்லை. அபிரானா டெய்லரின் 'மராயில் ஒரு சோக நகைச்சுவை' கவிதையில் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவன் தன் இனத்தின் பொதுமன்றில் நிற்கிறான். பேச்சைத் தொடங்கும் மரபுச் சொல் ஒன்றைத் தவிர அவனுக்கு மாவோரியில் எதுவும் தெரியாது. மரத்தில் செதுக்கிய மூதாதை ஆத்திரத்தில் தன் நாக்கையே பிடுங்கி அவன் காலடியில் எறிகிறது. அவன் தன் நகரத்து வாழ்வை, சாராயக் கடையை, சிறையைச் சொல்கிறான். அந்த மூதாதைகளுக்குப் புரிந்துவிடுகிறது. மொழி தெரியாதவன் மாவோரி இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? அந்த வலியை ஆங்கிலத்தில் தவிர வேறெதில் அவன் எழுத முடியும்?

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலக் கவிதை மொழிக்கு மாற்று அல்ல. இந்தக் கவிதைகள் எனக்குக் கிடைத்ததே அவை ஆங்கிலத்தில் இருந்ததால்தான். அதே வசதி ஆதிக்கத்துக்கும் இருக்கிறது. நாலு கவிதையைப் பாடத்தில் சேர்ப்பது சுலபம். பள்ளி, ஆசிரியர், வானொலி, நிலம் என்று கேட்டால்தான் அரசுக்குக் கசக்கும். 1972இல் 30,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுப் பள்ளிகளில் மாவோரி வேண்டுமென்று மனுக் கொடுத்தார்கள். 1982இல் பாட்டிமார் மடியில் குழந்தைகள் மொழி பழகும் 'கோஹங்கா ரேயோ' பள்ளிகள் தொடங்கின. 1987இல் மாவோரி ஆட்சிமொழியானது. இதெல்லாம் இயக்கம் செய்த வேலை. கவிதை செய்தது வேறு: பறிபோனது எதுவென்று பறித்தவன் மொழியிலேயே சாட்சி சொன்னது.

2014இல் ரெய்னா ஃபைட்டிரியும் ராபர்ட் சல்லிவனும் 'பூனா வாய் கோரெரோ' என்ற பெரிய தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். 'ஆங்கிலத்தில் மாவோரிக் கவிதை' என்று அட்டையிலேயே பச்சையாகப் போட்டுக்கொண்டார்கள். ஒளிக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை. இளையவர்களில் தாயி டிப்பிள் தன் 2018 நூலுக்கு, பொக்கஹோன்டாஸ் என்ற பெயரையே மாவோரி எழுத்துக்கூட்டலில் திரித்துத் தலைப்பு வைத்தார். இன்று பலர் மாவோரிச் சொற்களை அர்த்தம் போடாமல் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேணும்னா நீ தேடிப் படிச்சுக்கோ என்கிற திமிர் அது. எனக்குப் பிடித்த திமிர்.

வாயிட்டாங்கியின் சொற்சண்டை இன்னும் ஓயவில்லை. ஒப்பந்தத்தின் பொருளைச் சட்டம் போட்டுத் திருத்த வந்த மசோதாவை எதிர்த்து 2024 நவம்பரில் பல்லாயிரம் பேர் நாடாளுமன்றம் நோக்கி நடந்தார்கள். 2025 ஏப்ரலில் 112க்கு 11 என்ற கணக்கில் மசோதா தோற்றது. சொல்லுக்கு யார் பொருள் சொல்வது என்பது அங்கே நிலத்தின் கேள்வி. மாவோரிக் கவிஞர் ஆங்கிலத்தைக் கையிலெடுப்பதை நாம் அந்தக் கேள்வியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.