'ரஃப் யூஸ்'னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க

காலை ஆறு மணிக்கு நம்ம பீச் ரோட்டுக்கு வந்து பாருங்க. ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, அதனால டூப்ளே சிலைக்கும் காந்தி சிலைக்கும் நடுவுல பாதி பாண்டிச்சேரி ஓடிக்கிட்டு இருக்கும். தொப்பையைக் குறைக்க ஓடுறவங்க, ஆரோவில் மாரத்தானுக்காக ஓடுறவங்க, போலீஸ் செலக்‌ஷனுக்காக ஓடுறவங்க. என் கிளாஸ்மேட் ஒருத்தன் மூணாவது ரகம்.

அவன் ஞாயிற்றுக்கிழமைகள்ல கல்யாண மண்டபத்துக்குக் கேட்டரிங் வேலைக்குப் போவான். அந்தக் காசைச் சேர்த்து வச்சு 2,600 ரூபாய்க்கு ஒரு ரன்னிங் ஷூ வாங்கினான். ஏழாவது வாரம் இடது ஷூவோட முன்பக்கம் சோல் பிரிஞ்சு முதலை வாய் மாதிரி திறந்துக்கிச்சு. வேகமா ஓடும்போது அது மடங்கி, இவன் கீழே விழுந்து, கணுக்கால் சுளுக்கு. செலக்‌ஷனுக்கு ஒரு மாசம் இருக்கும்போது பதினெட்டு நாள் ஓட முடியல.

ஷூவை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் அதைக் கையில வாங்கக்கூட இல்ல. "பீச்சுல ஓடினீங்களா தம்பி? உப்புக் காத்து. ரஃப் யூஸ். இதுக்கெல்லாம் வாரண்டி வராது" என்றார். "ரன்னிங் ஷூன்னுதானே அண்ணா டப்பாவுல போட்டிருக்கு?" என்று இவன் கேட்டான். அதுக்குப் பதில் வரல. நாங்களும் பேசாம திரும்பி வந்துட்டோம்.

அப்படி வந்ததுதான் தப்புன்னு எனக்கு இப்போ தோணுது. நாலு வருஷமா ஃபெட்டீக், ஃபெயிலியர் அனாலிசிஸ், குவாலிட்டி கன்ட்ரோல் எல்லாம் படிச்சு பரீட்சை எழுதியிருக்கோம். 'ரஃப் யூஸ்'னு ரெண்டு வார்த்தை கேட்டதும் எல்லாத்தையும் மறந்துட்டோம். தேய்மானம் வேற, குறைபாடு வேற. இந்த வித்தியாசம் தெரியாத வரைக்கும் நஷ்டம் நம்ம தலையிலதான் விழும்.

முதல்ல தேய்மானம். எந்த ஷூவும் நிரந்தரம் இல்ல. மிட்சோல்ல இருக்கிற ஈவிஏ ஃபோம்ங்கிறது குட்டிக் குட்டிக் காற்றறைகள். ஒவ்வொரு அடிக்கும் நசுங்கி எழும். ஆயிரக்கணக்கான அடிக்குப் பிறகு பழைய உயரத்துக்குத் திரும்பாது. 1985-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல, 80 கிலோமீட்டர் ஓடினதுமே ஷூவோட அதிர்ச்சி தாங்கும் திறன் முக்கால்வாசியா குறைஞ்சதாகவும், 400 கிலோமீட்டரைத் தாண்டினதும் அறுபது சதவீதத்துக்கும் கீழே போனதாகவும் கண்டாங்க. 500-லிருந்து 800 கிலோமீட்டருக்குள்ள ஷூவை மாத்தணும்னு பொதுவா சொல்றதும் இதனாலதான். அடிப்பக்கம் வழுவழுன்னு ஆனாலோ குதிகால் ஒரு பக்கமா சரிஞ்சாலோ, அது தேய்மானம். அதுக்காகக் கடையில போய் சண்டை போடாதீங்க.

சோல் பிரியிறது அப்படி இல்ல. ரன்னிங் ஷூவுல சோலைத் தைக்கிறதில்ல, ஒட்டுறாங்க. ஒட்டப் போற பரப்பைச் சுரண்டி, துடைச்சு, பிரைமர் போட்டு, பசை தடவி, காய வச்சு, சூடு காட்டி, மெஷின்ல அழுத்தணும். இதுல ஒரு படியைத் தவறவிட்டா ஷூ வெளியே பளபளன்னுதான் இருக்கும். பிரிஞ்ச பிறகுதான் வண்டவாளம் தெரியும்.

அதைக் கண்டுபிடிக்க லேப் வேணாம். பிரிஞ்ச இடத்தை விரிச்சுப் பாருங்க. ஃபோம் பிய்ஞ்சு, அதோட துணுக்குகள் மறுபக்கத்துல ஒட்டிக்கிட்டு வந்திருந்தா பசை தன் வேலையைச் செஞ்சிருக்கு. இழுத்த விசைதான் அதிகம். ரெண்டு பரப்புல ஒண்ணு சுத்தமா இருந்து, பசை மட்டும் ஸ்டிக்கர் மாதிரி மெல்லிய படலமா உரிஞ்சு வந்திருந்தா பசை முதல்லேர்ந்தே பிடிக்கல. என் நண்பனோட ஷூ ரெண்டாவது கேஸ். சண்டே மார்க்கெட் பக்கம் செருப்பு தைக்கிற பெரியவர் ஒருத்தர் கட்டைவிரலால ஒரு தடவை தடவிட்டு, "சுரண்டாமலே ஒட்டியிருக்கான்பா" என்றார். நமக்கு ஒரு செமஸ்டர் ஆன விஷயம் அவருக்குப் பத்து விநாடி.

நம்ம ஊர் ஈரக்காற்றுக்கும் இதுல பங்கு உண்டு. மறைக்கல. சில வகைப் பாலியூரித்தேன் ஈரத்தோட வினைபுரிஞ்சு, போடாம டப்பாவுல வச்சிருந்தாலும் மெல்லச் சிதையும். அதனாலதான் ஆஃபர்ல வாங்கும்போது டப்பாவுல தயாரிச்ச மாசம், வருஷம் பாருங்கன்னு சொல்றேன். ஷூவை வாஷிங் மெஷின்ல போடுறது, ஹாஸ்டல் மொட்டைமாடி வெயில்ல நாள் முழுக்கக் காய வைக்கிறது, அதையே போட்டுக்கிட்டு ஃபுட்பால் ஆடுறது எல்லாம் நாம பண்றதுதான். அதெல்லாம் நிஜமான ரஃப் யூஸ். ஆனா கடலோர ஊர்ல விக்கிற ஓட்ட ஷூ கடலோரத்துல ஓடினா பிரியும்னா, அதை விக்கும்போதே சொல்லியிருக்கணும்.

2019 பிப்ரவரி 20 அன்னிக்கு அமெரிக்காவுல ட்யூக் பல்கலைக்கழக கூடைப்பந்து வீரர் சையன் வில்லியம்சன் ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகாத நிலையில கீழே விழுந்தார். அவர் போட்டிருந்த நைக்கி ஷூ பிளந்துடுச்சு. முழங்கால்ல சுளுக்கு. அப்போ அவருக்கு 18 வயசு, எடை கிட்டத்தட்ட 129 கிலோ. ரஃப் யூஸ்னு சொல்றதுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார். ஆனா அவர்கிட்ட யாரும் அப்படிச் சொல்லல. கம்பெனி விசாரிச்சு, அவருக்குன்னு இன்னும் வலுவான ஷூ செஞ்சு கொடுத்துச்சு. டிவியில தெரிஞ்ச காலுக்கு ஒரு நியாயம், பீச் ரோட்டுக் காலுக்கு ஒரு நியாயமா?

சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பவர் சொன்ன தரத்துல எந்தக் குறை இருந்தாலும் அதை 'குறைபாடு'ன்னு சொல்லுது. குறைபாடுள்ள பொருளை பில்லுல போட்ட காலத்துக்குள்ள, அப்படி எதுவும் போடலேன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப வாங்க மறுக்கிறது நியாயமற்ற வணிக முறை. அந்த நாள் தாண்டினாலும் ரெண்டு வருஷம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்துல வழக்கு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்ல. ஆன்லைன்ல வாங்கியிருந்தாலும் நீங்க இருக்கிற ஊர்லயே போடலாம். முதல்ல 1915-க்கு போன் பண்ணுங்க.

நாங்க ஏன் போகல? பில். அது தெர்மல் பேப்பர். ஏழு வாரத்துல பர்ஸுக்குள்ளயே வெளுத்துப் போச்சு. வாங்கின அன்னிக்கே பில்லை போட்டோ எடுத்து வைங்க.

இன்னொண்ணு. பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன தெருப் பெயர்ப் பலகை முன்னாடி நின்னு போட்டோ எடுக்கிறோம். அவங்க சட்டத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். பிரான்ஸ்ல ஒரு பொருளோட ஆயுளை வேணும்னே குறைக்கிறதை 2015-லேயே குற்றமாக்கிட்டாங்க. புதுப் பொருள்ல ரெண்டு வருஷத்துக்குள்ள குறை வந்தா, அது வாங்கும்போதே இருந்த குறைன்னுதான் எடுத்துக்குவாங்க. இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். இங்கே நிரூபிக்கிற பாரம் 2,600 ரூபாய்க்கு ஒரு மாசம் பந்தி பரிமாறின பையன் மேல.

நான் கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. இது எத்தனை கிலோமீட்டருக்கு, எந்தத் தரைக்கு, சோல் பிரிஞ்சா யார் பொறுப்புன்னு டப்பாவுல மூணு வரி போடட்டும். முடியாத காரியம் இல்ல. 2023-ல் அடிடாஸ் 138 கிராம்ல, 500 டாலருக்கு ஒரு ஷூ விட்டப்போ, ஒரு மாரத்தானுக்கும் அதுக்கு முன்னாடி பழகிக்கிற ஓட்டத்துக்கும்தான் இதுன்னு கம்பெனியே சொல்லிடுச்சு. அதே வருஷம் பெர்லின்ல அதைப் போட்டு ஓடித்தான் டிகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிஷம் 53 விநாடியில பெண்கள் உலக சாதனை படைச்சாங்க. ஆயுள் குறைவுன்னு சொன்னதால யாரும் கோவிச்சுக்கல, தெரிஞ்சேதான் வாங்கினாங்க. நம்மளுக்கும் அந்த ஒரு வரி போதும்.

அந்தப் பெரியவர் சோலைச் சுரண்டி, பசை போட்டு, சுத்தித் தையலும் போட்டு 120 ரூபாய் வாங்கினார். அதே ஷூவுலதான் என் நண்பன் செலக்‌ஷன்ல ஓடினான். ரிசல்ட் இன்னும் வரல. கிளம்பும்போது பெரியவர், "திரும்பப் பிரிஞ்சா கொண்டா, காசு வேணாம்" என்றார். அந்த ஷூவுக்கு எங்களுக்குக் கிடைச்ச ஒரே வாரண்டி அதுதான்.