உராய்வுன்னு எழுதி மூடுற கோப்பு

சிவகாசி வட்டாரத்துல வெடிவிபத்துன்னா மறுநாள் பேப்பர்ல வர்ற வாக்கியம் நமக்கு மனப்பாடம். மருந்து கலக்கும்போது உராய்வு ஏற்பட்டு வெடித்தது, இத்தனை பேர் பலி, போர்மேன் கைது. அவ்ளோதாங்க.

உராய்வு இல்லைன்னு சொல்லல. எந்தக் கலவை, எத்தனை மணிக்கு, வெயில் எவ்ளோ, அறைக்குள்ள எத்தனை பேர், எவ்வளவு மருந்து தேங்கிக் கிடந்தது? எல்லா ஆலைக்கும் ஒரே படிவத்துல வருசக்கணக்கா இதைப் பதிஞ்சாத்தான் அடுத்தது எங்கேன்னு ஊகிக்க முடியும். சாவு எண்ணிக்கை மட்டும் பத்தாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில கிட்டத்தட்ட 40 பேர் செத்தாங்க. அதுல பலர் அந்த ஆலைத் தொழிலாளிகளே இல்லை. புகையைப் பார்த்து உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிப்போனவங்க. வெறுமனே 40ன்னு எழுதினா இது தெரியுமா? யார், எங்கே நின்னாங்கன்னு பிரிச்சு எழுதினாத்தான், முதல் வெடிக்கு அப்புறம் ஊரைத் தள்ளி நிறுத்த ஆள் வேணும்னு புரியும்.

அதைவிட முக்கியம், சாவு இல்லாத சமாச்சாரங்கள். குப்புனு பத்தி அணைஞ்சது, விரல் வெந்தது மாதிரி. ஹெய்ன்ரிச்னு ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ்காரர், ஒரு பெரிய காயத்துக்கு 29 சின்னக் காயம், காயமே இல்லாத சம்பவம் 300னு 1931லயே கணக்கு சொன்னார். (அந்த விகிதத்தை அப்புறம் பலபேர் கிழிச்சுத் தொங்கவிட்டாச்சு. சின்னதைக் கவனிங்கறது மட்டும் நமக்குப் போதும்.) நம்ம 1948 தொழிற்சாலைகள் சட்டம் காயத்துக்குப் போட்ட கோடு 48 மணி நேரம். அவ்வளவு நேரம் வேலைக்கு வர முடியலைன்னாத்தான் தெரிவிக்கணும். வெந்த விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு மறுநாளே வேலைக்கு வந்த அக்கா அந்தக் கணக்குல வரவே மாட்டாங்க.

அவங்களும் சொல்ல மாட்டாங்க. சொன்னா ஆலையைப் பூட்டுவாங்க. பூட்டினா முதலாளிக்கு ஆர்டர் போச்சு, இவங்களுக்குக் கூலி போச்சு. அதனால என் கட்சி இதுதான்: சின்ன விபத்தைத் தானா வந்து சொன்ன ஆலையை அதுக்காகப் பூட்டாதீங்க, மறைச்ச ஆலையைப் பூட்டுங்க. "முதலாளி தப்பிச்சுக்குவானே"ன்னு சண்டைக்கு வருவீங்க, தெரியும் :-) சாவுக்கும் விதிமீறலுக்கும் வழக்கு வழக்காவே இருக்கட்டும். நான் கேக்கறது வெந்த விரலோட கணக்கை.

அமெரிக்காவுல பத்து பேருக்கு மேல இருக்கற தொழிற்சாலைங்க, போன வருசக் காயங்களோட தொகையை பிப்ரவரி 1லேர்ந்து ஏப்ரல் 30 வரைக்கும் வேலையிடத்துலயே ஒட்டி வைக்கணும். நம்மூருக்கு அது பத்தாது. மாசாமாசம், தமிழ்ல, மருந்து அறை வாசல்லயே வேணும். போன மாசம் எந்தக் கலவை எத்தனை மணிக்குப் பத்துச்சுன்னு படிச்சுட்டு அந்த அக்கா உள்ளே போகட்டும்.