விளையாட்டில் பிறக்கும் இசை

பியானோ கற்கவரும் குழந்தையை முதல் நாளே விரற்பயிற்சியில் பூட்டிவிட்டு, பின்னர் அதற்கு ஆர்வமில்லை என்று குறைகூறுகிறோம். குறை நம்முடையது.

ஹங்கேரிய இசையமைப்பாளர் ஜியார்ஜி குர்டாக் 1973இல் தொடங்கிய பியானோத் தொகுப்பின் பெயரே 'விளையாட்டுகள்'. அதில் குழந்தை உள்ளங்கையாலும் முன்கையாலும் கட்டைகளை அழுத்தலாம். விரலை வழுக்கி ஓட்டலாம். முதலில் கருவியின் மீதுள்ள அச்சம் நீங்கவேண்டும். துல்லியம் பிறகு வரும்.

இஃது ஒழுங்கின்மை என்பாரும் உளர். ஒழுங்கு வேண்டியதே. அந்நாட்டவரான பேலா பார்டோக் 1926க்கும் 1939க்கும் இடையே எழுதிய 'மைக்ரோகாஸ்மாஸ்' 153 சிறு படைப்புகளைப் படிப்படியாக அடுக்குகிறது. முதலிரு பகுதிகளும் தம் மகனுக்குக் காணிக்கை. அங்கே எளிய பயிற்சியும் இசையாகவே ஒலிக்கிறது.

ஆகவே, பாடவேளைதோறும் ஐந்து நிமிடமேனும் மாணவர் தாமே ஓர் இசைத்துணுக்கைக் கண்டடைய விடுவோம். தேர்வுச் சான்றிதழ் பெற்ற மறுநாளே பியானோவை மூடிவிடும் பிள்ளைக்கு நாம் எதைக் கற்பித்தோம்?