எலெக்ட்ரிக் பாய்லரும் இருபத்து மூணு லிட்டர் பீரும்

டிஸ்கி: இது யாரையும் குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம். நான் காய்ச்சியதெல்லாம் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில், அந்த ஊர் சட்டத்துக்கு உட்பட்டு. இப்போ காரைக்குடியில் உட்கார்ந்து எழுத மட்டும்தான் செய்றேன் :-)

சிங்கப்பூருக்கு வேலைக்குப் போற நம்ம பக்கத்துப் பசங்க சில பேர் என்கிட்ட கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணே, வீட்ல பீர் காய்ச்ச எலெக்ட்ரிக் பாய்லர்தான் வாங்கணுமா? அடுப்புல அண்டாவ வெச்சாப் போதாதா?"

என் பதில்: பாய்லர்தான். சோம்பேறித்தனத்துக்காகச் சொல்லலை. பீர் காய்ச்சுறதை ஒரு சமையல் வேலையா மாத்தினது அந்தப் பாய்லர்தான். அதைச் சமையலாப் பாக்கிற சட்டமும் உலகத்துல இருக்கு, கள்ளச்சாராயமாப் பாக்கிற சட்டமும் இருக்கு. நம்மளுது ரெண்டாவது வகை. அது மாறணும்ங்கிறது என் கட்சி. முதல்ல பாய்லருக்கு வர்றேன்.

பீர் காய்ச்சுறது என்னன்னு தெரியாதவங்களுக்கு நாலு வரி. பார்லியை முளைகட்டி உலர்த்தினா அது மால்ட். அதை நொறுக்கி 67 டிகிரி சூட்டுல ஒரு மணி நேரம் ஊற வெச்சா, முளையில இருக்கிற என்சைம் மாவுச்சத்தைச் சர்க்கரையா உடைக்கும். சக்கையை எடுத்துட்டு அந்த இனிப்புத் தண்ணியை ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் தளதளன்னு கொதிக்க விடணும். ஆறவெச்சு ஈஸ்ட் போட்டா ரெண்டு வாரத்துல பீர். இட்லி மாவு பொங்குறதும் நுண்ணுயிர் வேலைதான். இது கொஞ்சம் நீளமான சமையல், அவ்வளவே.

இதுல உயிர்நாடி அந்த 67 டிகிரி. 62, 63-ல வெச்சா பீர் நீர்த்த மாதிரி வரும். 70-ஐத் தொட்டா கனமா, இனிப்பா நிக்கும். 78-ஐத் தாண்டினா என்சைமே செத்துப்போகும். கேஸ் அடுப்புல முப்பது லிட்டர் அண்டாவை வெச்சு ஒரு மணி நேரம் 67-ல நிறுத்திப் பாருங்க. அடியில 75, மேல 63, கையில கரண்டி, நெத்தியில வேர்வை. பாய்லர்ல தெர்மோஸ்டாட் இருக்கு. எண்ணைத் தட்டிட்டுப் போய் சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கலாம். (தங்கமணி உத்தரவு.)

அடுத்தது செலவு. முப்பது லிட்டர் தண்ணியை 28 டிகிரியில இருந்து 67-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 1.4 யூனிட் கரண்ட். அங்கிருந்து கொதி நிலைக்கு இன்னொரு யூனிட். ஒரு மணி நேரம் கொதிக்க விட்டா மூணு லிட்டர் ஆவியாப் போகும், அதுக்கு ரெண்டு யூனிட். சேதாரமும் சேர்த்து மொத்தம் அஞ்சு யூனிட்னு வெச்சுக்கங்க. சிங்கப்பூர்ல யூனிட் முப்பது காசுன்னா ஒன்றரை வெள்ளி. 23 லிட்டர் பீருக்கு எரிபொருள் செலவு அவ்வளவுதான். கேஸ்ல செஞ்சா சூட்டுல பெரும்பங்கு அண்டாவைச் சுத்திக் காத்துல போயிடும், அந்தச் சூடு சமையலறையில நிக்கிற ஆள் மேலதான் இறங்கும். ஜன்னலைச் சாத்திட்டு எரிச்சா கார்பன் மோனாக்சைடு வேற. அடுக்குமாடி வீட்டுல அது விளையாட்டு இல்லை.

எந்தப் பாய்லர்? நியூசிலாந்துக்காரங்களோட க்ரெயின்ஃபாதர், ஆஸ்திரேலியாக்காரங்களோட ப்ரூஜில்லான்னு பம்ப், கன்ட்ரோலர் எல்லாம் வெச்சு அழகழகா விக்கிறாங்க. காசு இருந்தா வாங்குங்க. இல்லாட்டியும் பொழப்பு கெட்டுப் போகாது. இங்கிலாந்துல ரொம்பப் பேர் தேவாலயத்துலயும் பள்ளிக்கூடத்துலயும் டீக்கு வெந்நீர் போடுற எலெக்ட்ரிக் பாய்லர்லதான் பீர் காய்ச்சுறாங்க. மால்ட்டை ஒரு பெரிய துணிப்பையில போட்டு அதுக்குள்ளயே ஊறவெச்சுத் தூக்கிடுற முறை ஆஸ்திரேலியாவுல கிளம்பினது. நம்ம டீக்கடையில பித்தளைப் பாய்லர் பக்கத்துல தொங்குற டீத்தூள் பையோட பெரியண்ணன்னு வெச்சுக்கலாம். நான் முதல்ல வாங்கினதும் வெந்நீர் பாய்லர்தான். எதிர்வீட்டுப் பெரியவர் எட்டிப் பாத்துட்டு, "என்ன தம்பி, டீக்கடை போடப் போறியா?"ன்னு கேட்டார் :-)

வாங்குறப்போ பாக்க வேண்டியது மூணு.

1. ஹீட்டர் கம்பி வெளியில தெரியிறதா, தகட்டுக்கு அடியில மறைஞ்சிருக்கிறதா? மறைஞ்சிருக்கிறதுதான் கழுவ சுலபம். மால்ட் தண்ணியில சர்க்கரையும் புரதமும் இருக்கு. பால் அடிப்பிடிக்கிற மாதிரி அதுவும் பிடிக்கும். பிடிச்சா பீர் முழுக்கத் தீய்ஞ்ச வாசனை.

2. நிஜமாவே கொதிக்குதா? வெந்நீர் பாய்லர் சிலது 95, 96 டிகிரியிலேயே கட் ஆயிடும். டீக்கு அது போதும், பீருக்குப் போதாது. வெளிர் மால்ட்டுல இருந்து கிளம்புற ஒரு கந்தகப் பொருள் ஆவியோட வெளியே போகணும். மூடி போட்டு அரைகுறையாக் கொதிக்க விட்டா பீர்ல வேகவெச்ச சோளம், முட்டைக்கோஸ் வாடை அடிக்கும்.

3. எர்த் ஒழுங்கா இருக்கா? முப்பது லிட்டர் கொதிநீர், ஈரத்தரை, மூணு கிலோவாட் கரண்ட், மூணும் ஒரே இடத்துல. 30 மில்லி ஆம்பியர்ல விழுற ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டுல இந்த வேலையே வேண்டாம்.

பாய்லர் தீர்க்காத பிரச்சனை ஒண்ணும் இருக்கு. பீர் காய்ச்சுற புத்தகம் எல்லாம் குளிர் நாட்டுக்காரன் எழுதினது. அவனுக்குச் சூடுபடுத்துறது கஷ்டம், ஆறவைக்கிறது சும்மா. நமக்குத் தலைகீழ். சிங்கப்பூர் குழாய்த் தண்ணியே கிட்டத்தட்ட 30 டிகிரி. செம்புச் சுருள்ல அதை எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அதுக்குக் கீழ இறங்காது. சாதாரண ஈஸ்ட்டுக்கு 18, 20 டிகிரி வேணும். 30-ல விட்டா பெயிண்ட் தின்னர் வாசனை. அதனால என் கணக்கு: பாய்லர்ல சிக்கனம் பிடிங்க, மிச்சக் காசுல பழைய ஃப்ரிட்ஜும் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் வாங்குங்க. அதுக்கும் வழியில்லைன்னா நார்வே கிராமத்து ஈஸ்ட் ஒண்ணு இருக்கு, க்வெய்க்னு பேரு. 35 டிகிரியிலயும் சந்தோஷமா வேலை செய்யும். நார்வே குளிர்ல பிறந்துட்டு காரைக்குடி வெயிலுக்கு ஏத்த மாதிரி வளர்ந்திருக்கு பாருங்க.

காரைக்குடின்னு சொன்னதும் ஞாபகம் வர்றது வோல்ட்டேஜ். சித்திரை மாச சாயங்காலம் எங்க தெருவுல 180-க்கு இறங்குறதை மீட்டர்ல பாத்திருக்கேன். 230 வோல்ட்டுல 3000 வாட் இழுக்கிற ஹீட்டர் 180-ல 1840 வாட் கூடத் தராது. வோல்ட்டேஜ் அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சா சூடு அஞ்சுல ரெண்டு பங்கு குறையும், கணக்கு அப்படி. தண்ணி முனகுமே தவிர கொதிக்காது. மின்வேதியியலுக்கே 1953-ல மத்திய ஆராய்ச்சி நிலையம் திறந்த ஊர்ல இந்தக் கூத்து.

ஆனா வோல்ட்டேஜை விடுங்க. இங்கே பாய்லர் ஓடாததுக்குக் காரணம் கரண்ட் இல்லை, சட்டம்.

சிங்கப்பூர் எதுக்கெடுத்தாலும் அபராதம் போடுற ஊர்னு பேர் வாங்கினது. அந்த ஊரே 2004-ல வீட்டு பீருக்கு வழிவிட்டுச்சு. விதி ரொம்பச் சின்னது: 18 வயசு ஆகியிருக்கணும், சொந்த வீட்டுல சொந்த உபயோகத்துக்கு மட்டும், ஒரு வீட்டுக்கு மாசம் 30 லிட்டருக்கு மேல கூடாது, விக்கக் கூடாது, வாலை வெச்சு வடிக்கக் கூடாது. லைசென்ஸ் வேண்டாம். இங்கிலாந்து 1963-லயே லைசென்ஸை எடுத்தாச்சு. அமெரிக்காவுல 1978-ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். அங்கேயும் அலபாமா, மிசிசிப்பி ரெண்டு மாநிலமும் 2013 வரைக்கும் இழுத்தடிச்சது.

நம்ம ஊர் மதுவிலக்குச் சட்டம் 1937-ல ராஜாஜி கொண்டு வந்தது, சேலத்துல ஆரம்பிச்சது. இன்னிக்கும் அடிப்படை அதுதான். அனுமதியில்லாம எந்த மதுவைத் தயாரிச்சாலும் குற்றம். தயாரிக்கிறதுக்கான பொருளையும் பாத்திரத்தையும் வெச்சிருக்கிறதும் குற்றம். பீருக்கும் சாராயத்துக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. என் பாய்லரும் புளிக்க வைக்கிற வாளியும் இங்கே வந்து வேலை பாத்திருந்தா மறுநாள் பேப்பர்ல "23 லிட்டர் ஊறல் பறிமுதல்"னு வந்திருக்கும். அதனாலதான் அதை அங்கேயே மச்சான் வீட்டுல குடுத்துட்டு வந்தேன். அங்கே அது சமையல் பாத்திரம், இங்கே அது சாட்சிப் பொருள்.

வேடிக்கை என்னன்னா 2003-ல இருந்து சில்லறை மதுக்கடையை நடத்துறதே அரசாங்கத்தோட டாஸ்மாக்தான். அதாவது குடிக்கிறது இங்கே குற்றம் இல்லை. காசு குடுக்காம, தானே செஞ்சு குடிக்கிறதுதான் குற்றம்.

"கள்ளக்குறிச்சியை மறந்துட்டியா?"ன்னு கேப்பீங்க. மறக்கலை. 2024 ஜூன்ல அங்கே அறுபது பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் மரக்காணத்துல. அந்தச் சாவு எல்லாம் மெத்தனால். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய விஷத்தைத் தண்ணியில கலந்து பாக்கெட்ல வித்ததால வந்தது. மால்ட்டைப் புளிக்க வெச்சா ஆளைக் கொல்ற அளவு மெத்தனால் வராது. வடிக்காத வரைக்கும் எதுவும் அடர்த்தியாவும் ஆகாது. கள்ளக்குறிச்சி கத்துக்குடுக்கிறது ஒண்ணுதான்: விக்கிறதுலதான் விஷம் வருது. விக்கிறவனுக்கு லாபம் வேணும், வாங்குறவனுக்கு உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. தன் வீட்டுக்கு ஆக்குறவன் தன் பானையில விஷம் கலக்க மாட்டான். அந்த ரெண்டையும் ஒரே கயித்துல கட்டுறதால விஷ வியாபாரி பயப்படலைங்கிறதைத்தான் கண்ணால பாத்துட்டோமே.

இது என்ன வெள்ளைக்காரன் பழக்கம்னு சொல்றவங்க பத்துப்பாட்டுல பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டிப் பாக்கலாம். வலைஞர் வீட்டுல அரிசியைக் களியாத் துழாவி, வாய் அகன்ற தட்டுல ஆறவெச்சு, முளையடையைக் கலந்து, சாடியில ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி விட்டுப் பிழிஞ்ச மதுவை வந்தவனுக்குக் குடுக்கிறாங்க. முளையடைன்னா மால்ட், வேற என்ன? பார்லிக்குப் பதிலா நெல். செய்முறையே பாட்டுல இருக்கு, அதுவும் விருந்தாளிக்கு.

நான் சங்க காலத்துக்குத் திரும்பச் சொல்லலை. குடியால அழிஞ்ச குடும்பம் எங்க தெருவுலயே இருக்கு. கடையை மூடச் சொல்லிப் போராடுற பொம்பளைங்க கோபம் நியாயம். ஆனா அந்தக் கோபத்துக்குக் காரணம் எட்டு மணி நேரம் பாய்லர் பக்கத்துல நின்னு, மூணு வாரம் காத்திருந்து ரெண்டு கிளாஸ் குடிக்கிறவன் இல்லை. குடிநோயாளி மூணு வாரம் காத்திருக்க மாட்டான். அவனுக்குக் கடை பக்கத்துலயே இருக்கு.

நான் கேக்குறது சிங்கப்பூர் விதியோட தமிழாக்கம்தான். வடிச்சா ஜெயில், வித்தா ஜெயில், அதுல கருணையே வேண்டாம். மாசம் 30 லிட்டர், வீட்டுக்குள்ள, புளிக்க வெச்சது மட்டும், அதை விட்டுடுங்க. 35 லிட்டர் பாய்லர்ல ஒரு தடவை காய்ச்சினா கிடைக்கிறது 23 லிட்டர். ரெண்டாவது தடவைக்கு விதியிலேயே இடமில்லை. இதை வெச்சு எவனும் சாம்ராஜ்யம் கட்ட முடியாது.

அந்த விதி வர்ற வரைக்கும் சிங்கப்பூர் போற பசங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். பாய்லரை அங்கேயே வாங்குங்க, அங்கேயே காய்ச்சுங்க, திரும்பி வர்றப்போ அங்கேயே குடுத்துட்டு வாங்க. ருசியை மட்டும் நாக்குல கொண்டு வரலாம், அதுக்கு இன்னும் சட்டம் போடலை :-)