காப்புரிமை என்னும் ஒற்றைப் போர்வை

கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06இல். பவானி ஜமுக்காளத்துக்கும் அதே ஆண்டுதான். அன்று தொடங்கி, 'நம்மூர் கிரைண்டருக்குக் காப்புரிமை கிடைத்துவிட்டது' என்று மேடையில் முழங்குவது நின்றபாடில்லை. கிடைத்தது காப்புரிமை அல்ல. 'சொல்லில் என்ன இருக்கிறது, பொருள் விளங்கினால் போதாதா?' எனக் கேட்கும் தமிழாசிரிய நண்பர்களுக்காகவே இதை எழுதுகிறோம். பொருள் விளங்கவில்லை என்பதே நம் வாதம்.

1955இல் கோவையில் பி. சபாபதி ஆட்டுக்கல்லை மின்விசையால் சுழலவிட்டார். பின்னர் சாய்த்து மாவு வழிக்கும் வகையும், மேசைமேல் வைக்கும் சிறு வகையும் வந்தன. புவிசார் குறியீடு காப்பது இவற்றின் நுட்பத்தை அல்ல, 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்னும் பெயரை. வேற்றூரில் செய்ததை அப்பெயரில் விற்றால் தடுக்கலாம். அதே கிரைண்டரை வேறு பெயரில் செய்பவனிடம் அச்சட்டத்துக்கு வேலையில்லை.

கிணத்துக்கடவில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், குழவியின் தேய்மானத்தைக் குறைக்கும் புதிய அமைப்பைக் கண்டுபிடிக்கிறார் என்று கொள்வோம். 'நமக்குத்தான் காப்புரிமை இருக்குதுங்களே' என்று நம்பிப் பத்து உருப்படிகளை விற்றும் விடுகிறார். கதை அங்கேயே முடிந்தது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் புதுமையைக் கேட்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே வெளிப்படையாகச் சந்தைக்குப் போன பொருள், பொதுவாக அத்தகுதியை இழந்துவிடும். முன்னரே விண்ணப்பித்துப் பெற்றிருந்தால் 20 ஆண்டுகள் அந்நுட்பம் அவருடையது. தம் கிரைண்டருக்கு அவர் சூட்டிய பெயரையோ வணிகக்குறியாகத் தனியே பதிய வேண்டும். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

'அதையெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார்' என்பார்கள். உரிமை ஏற்கெனவே கையில் இருப்பதாக எண்ணுபவர் வக்கீலிடம் ஏன் போகிறார்? அவரை வாசலிலேயே நிறுத்திவைத்தது நாம் எழுதிய சொல்.

குற்றம் செய்தித்தாள்களுடையது மட்டுமா? இலக்கிய நூல்களின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்: 'காப்புரிமை: ஆசிரியருக்கு.' கவிதைத் தொகுப்பு என்ன, எந்திரமா? நூலுக்குரியது பதிப்புரிமை. எழுதியவரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நிற்பது. பதிவு செய்யாவிடினும் உண்டு. கண்டுபிடிப்புக்கு அந்தச் சலுகை கிடையாது, கேட்டுப் பெற வேண்டும். இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் ஒரே போர்வையைப் போர்த்தும் நாம்தாம், மாணவனின் விடைத்தாளில் ஒற்றுப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைக்கிறோம்.

சிற்றிதழ் நடத்தும் நண்பர்கள் அடுத்த வெளியீட்டிலேனும் 'பதிப்புரிமை' என்று அச்சிடட்டும். காப்புரிமையைக் கண்டுபிடித்தவனுக்கே விட்டுவிடுவோம்.