உறங்கும் கிருமியும் விழித்திருக்கும் காவலும்



காட்டாங்குளத்தூரில் மின்ரயில் ஏறிச் சென்னைக் கடற்கரை நோக்கிச் செல்வோர், தாம்பரத்தை அடுத்து 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தைக் காண்பர். மருத்துவமனை ஒன்றால் பெயர் பெற்ற நிலையம் அது. 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளருக்காக அங்கே அந்த இல்லத்தை நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. அந்நாளில் காசக்கிருமியைக் கொல்லும் மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவையே சிகிச்சை. ஆயினும் மருந்தின்றியே தேறியவர்கள் சிலர் உண்டு. அவர்களுடைய கிருமியை அடக்கியது எது?

நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றை நாம் உள்ளிழுக்கிறோம். தூசியும் கிருமிகளும் அதனோடு வருகின்றன. பெரிய துகள்களை மூக்கே தடுத்துவிடும். தப்பியவை மூச்சுக்குழாயின் சுவரில் படர்ந்துள்ள கோழையில் ஒட்டிக்கொள்ளும். அச்சுவரிலுள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்குமேல் அசைந்து, அக்கோழையைத் தொண்டை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். மிகுந்தால் இருமல் அதை வெளியேற்றும். இருமலைக் கண்டதும் அதை அடக்க மருந்து தேடுவது எப்போதும் அறிவுடைமையாகாது. பீடி, சிகரெட்டின் புகையோ இந்நுண்மயிர்களையே முடக்கிப்போடுகிறது.

இவற்றையெல்லாம் கடந்து நுரையீரலின் காற்று நுண்ணறைகளை எட்டும் கிருமிகளை, அங்கே உலவும் விழுங்கணுக்கள் பிடித்துத் தின்றுவிடும். நம் தொண்டையில் குடியிருக்கும் நிமோனியாக் கிருமிகள் பெரும்பாலும் தீங்கின்றிக் கிடப்பது இக்காவலால்தான். காவல் தளர்ந்தால் அவையே பகையாகும். 1918ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சலில் மாண்டோருள் மிகப் பலரைக் கொன்றது, காய்ச்சலுக்குப் பின் புகுந்த நிமோனியாவே.

காசக்கிருமி இன்னும் சூழ்ச்சி மிக்கது. விழுங்கப்பட்ட பின்னும் சாகாமல், விழுங்கணுவுக்குள்ளேயே பிழைத்திருக்கும். எனவே உடல் வேறொரு வழியை மேற்கொள்கிறது. இரத்தத்திலுள்ள 'டி' அணுக்கள் ஆணையிட, விழுங்கணுக்கள் திரண்டு கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பிச் சிறைவைக்கின்றன. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இக்கிருமியின் தொற்று ஏற்பட்டுள்ளது. ஆயினும் அவர்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் நோய் தோன்றுகிறது. தாம்பரத்தில் மருந்தின்றித் தேறியவர்களைக் காத்ததும் இச்சிறைச் சுவரே.

அச்சுவர் இடிவதையும் அதே மருத்துவமனை கண்டது. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகள் அங்கே பெருந்திரளாக வரலாயினர். எச்.ஐ.வி. கிருமி அழிப்பது, ஆணையிடும் அந்த 'டி' அணுக்களையே. ஆணை நின்றதும் சுவர் சிதைகிறது. பல்லாண்டுகள் உறங்கிக் கிடந்த காசக்கிருமி விழித்தெழுகிறது. எய்ட்ஸ் நோயாளரின் சாவுக்கு முதன்மையான காரணம் காசமே. சர்க்கரை நோயும் ஊட்டக்குறைவும்கூட, மெல்லவேனும், இதே சுவரை அரிப்பவை. ஆகவே நம் வீட்டில் எவருக்கேனும் இருமல் இரண்டு வாரத்திற்குமேல் நீடித்தால், அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளத் தயங்க வேண்டாம்.

2004ஆம் ஆண்டு ஏப்ரலில் எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துகளை அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதல் மையங்களுள் தாம்பரமும் ஒன்றாயிற்று. அம்மருந்தை உண்டால் 'டி' அணுக்கள் மீண்டும் பெருகும். இங்கே ஒரு விந்தை உண்டு. திரும்பி வந்த காவல், உள்ளே மறைந்திருக்கும் காசக்கிருமிமீது கடுமையாகப் பாய்வதால், தேறி வந்த நோயாளிக்குத் திடீரெனக் காய்ச்சல் ஏறும், நெறிகட்டும், மூச்சுத் திணறும். மருந்து ஒவ்வவில்லை என்று வீட்டார் அஞ்சி அதனை நிறுத்திவிடுவதும் உண்டு. இதனை அறிந்தே மருத்துவர்கள், காச மருந்தை முதலில் தொடங்கிவிட்டுச் சில வாரங்களுக்குள் மற்றதைச் சேர்க்கின்றனர்.